நேரில்

என்னிடம் இரண்டு டிக்கெட் இருந்தன. 2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்துக்கு. அப்பாவை அழைத்துப் போகத்தான் வாங்கினேன். பிறகு அவற்றை அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவருக்கு, டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூட வைத்து விற்றுவிட்டேன். அப்பாவிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

விற்றது ஐந்து நிமிஷ வேலை. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திய பழக்கம் பல வருஷத்துப் பழக்கம். டிக்கெட்டை விற்றதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், ஏதோ ஒரு நாள் சபலம் போலத் தெரியும். அப்படி இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து 2011-இல் ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு வில்லிவாக்கம். அப்பாவின் அலமாரியில் வேறு யாரும் கைவைக்கக் கூடாத பொருட்கள் இரண்டு உண்டு. ஒன்று, சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர் காலிப்பர். மரப்பெட்டிக்குள், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இருக்கும். இன்னொன்று, ஸ்கோர் நோட்டுகள். கடைக்காரர்கள் கணக்கெழுதும் நீள நோட்டில் அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்வார். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ரன் வந்தால் எண், விக்கெட் விழுந்தால் சிவப்பு மை. ரயில் பெட்டிக்கு அச்சு அளக்கிற கை. புள்ளிகள்கூட ஒரே அளவில் இருக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் ஒரு சொல் எழுதியிருப்பார். ரேடியோ, டி.வி., நேரில். இந்த மூன்றில் ஒன்று. பழைய நோட்டுகளில் பெரும்பாலும் ரேடியோ. பிறகு பக்கத்துக்குப் பக்கம் டி.வி. 'நேரில்' என்று எழுதிய பக்கங்கள் எல்லா நோட்டிலும் சேர்த்துப் பதினொன்று. 1977 ஜனவரியில் பேடி கேப்டனாக இருந்து இங்கிலாந்துடன் ஆடிய டெஸ்ட்டில் ஒரு நாள். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் 'டை' ஆன டெஸ்ட்டின் கடைசி நாள். 1997 மே 21, சயீத் அன்வர் 194 அடித்த நாள். அப்புறம் 1999 ஜனவரி 31.

அந்த 1999 பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. 271 எடுத்தால் வெற்றி. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன பிறகு சச்சினும் மோங்கியாவும் நின்றார்கள். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தார். 254-இல் அவர் அவுட். அதற்கப்புறம் நாலே ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் போய், பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். இரவு வீடு திரும்பிய அப்பா சட்டைகூட மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார். "முதல்ல யாருக்கும் பேச்சே வரலடா. அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில கை தட்ட ஆரம்பிச்சாங்க. எல்லாரும் எழுந்து நின்னுட்டோம். பாகிஸ்தான்காரங்க கிரவுண்டை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. போற வரைக்கும் தட்டினோம்" என்றார்.

எனக்கு அப்போது இருபது வயது. அவர் முடிக்கும் முன்பே நான் சொன்னேன்: "சச்சின் பொறுப்பில்லாம தூக்கி அடிச்சு அவுட் ஆனதுதான்பா காரணம். டி.வி.யில தெளிவா தெரிஞ்சுது." அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கை கால் கழுவ உள்ளே போய்விட்டார். அவர் வேறு என்னவோ சொல்ல வந்திருந்தார். இன்றுவரை அது என்ன என்று எனக்குத் தெரியாது.

இதுதான் என் பழக்கம். எதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருக்கும். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அடுத்தவர் ஆசையாக ஒன்றை எடுத்துக்கொண்டு வரும்போது, அதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாது; மார்க் போடத்தான் தோன்றும். சாம்பாரில் ஆரம்பித்து சினிமா வரைக்கும். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு அபிப்பிராயம்டா" என்று அம்மா சொன்னபோதெல்லாம், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்தவன் என்று நாலு பேர் நினைக்கிறார்கள் என்று நம்பினேன். உண்மையில் அது உடம்பு வணங்காதவனின் வேலை. ஒன்று நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்காக எழுந்து போக வேண்டியதில்லை. நான் போகாமல் விட்ட இடங்கள் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருந்திருக்கிறது.

2023 நவராத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 15-ஆம் தேதி கொலு வைத்தோம். ஐந்து படிக்குக் கீழே தரையில் பூங்கா கட்டுவது என் மகளின் வேலை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த முறை அவளும் அப்பாவும் சேர்ந்து சேப்பாக்கம் மைதானத்தைக் கட்டினார்கள். தட்டில் மண் பரப்பிக் கடுகு தூவி, நாலு நாளில் முளைத்ததும் கத்தரியால் ஒரே சீராக வெட்டினார்கள். நடுவில் களிமண் பிட்ச். 22 கெஜம் என்றால் 20.12 மீட்டர், நூறில் ஒரு பங்கு என்று வைத்து 20.1 சென்டிமீட்டருக்கு அப்பா வெர்னியரைப் பிடித்துக்கொண்டு அளந்தார். ஸ்டம்புக்குக் குண்டூசி. ஆட்டக்காரர்களாக மரப்பாச்சிகள் நின்றன. இரண்டு பேரும் மூன்று சாயங்காலம் தரையில் கிடந்து கட்டியது.

நான் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டுச் சொன்னேன்: "கொலுவுல போய் கிரிக்கெட்டா? தசாவதாரம் செட்டுக்குக் கீழே பொருத்தமாவே இல்ல." மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தேன். பிட்ச் மேல் ஒரு கோயில் பொம்மையை வைத்திருந்தாள். கடுகுச் செடிகள் கோபுரத்தைச் சுற்றி வெட்டிய மட்டத்திலேயே நின்றன.

டிக்கெட்டுக்கு வருகிறேன்.

2023-க்கு முன் பாகிஸ்தான் அணி கடைசியாகச் சென்னைக்கு வந்தது 2012 டிசம்பர் 30. தோனி நூறு அடித்தும் நாம் தோற்ற ஆட்டம். அன்று அப்பா டிக்கெட்டுக்கு அலைந்து உண்மையிலேயே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பாகிஸ்தான் சேப்பாக்கம் பக்கமே வரவில்லை. 2023 உலகக் கோப்பை அட்டவணை வந்ததும் அப்பா தாளில் எழுதி வைத்துக்கொண்டார். சேப்பாக்கத்தில் ஐந்து ஆட்டம். அதில் இரண்டு பாகிஸ்தான் ஆடுவது: 23-ஆம் தேதி ஆப்கானிஸ்தானோடு, 27-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவோடு. "இன்னொரு தடவை அவங்களை அங்க பாத்துடணும்டா. முடிஞ்சா பாரு. முடியலைன்னா பரவால்ல" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிறவர் அல்ல. கண்ணாடி உடைந்தால்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்.

செப்டம்பரில் இணையத்தில் காத்திருந்து 23-ஆம் தேதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். கிடைத்ததை உடனே சொல்லாமல், பூஜையன்று காலை கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பைக்கின் ஆர்.சி. புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் டிக்கெட்டுகளை வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் நல்ல எண்ணம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நல்ல எண்ணத்தை நான் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

அக்டோபர் 18, புதன்கிழமை அதே சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் நியூசிலாந்திடம் 149 ரன்னில் தோற்றது. 139-க்கு ஆல் அவுட். மூன்று நாள் முன்னால் டெல்லியில் இங்கிலாந்தை அவர்கள் ஜெயித்திருந்தார்கள். அது குருட்டு அதிர்ஷ்டம் என்று எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. "திங்கக்கிழமை மேட்ச் சுத்தமா ஒருபக்கம். காசு கொடுத்துப் பாக்கறது வேஸ்ட்" என்றேன். அருகில் நின்றவர், "டிக்கெட் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க சார், பையனைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அப்போதுதான் நான் சொன்ன கருத்து எனக்கே ஒரு வழி காட்டியது.

யோசித்துப் பார்த்தேன். சனி, ஞாயிறு, ஆயுத பூஜை, விஜயதசமி. நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. அதில் ஒரு நாள் முழுக்க அப்பாவோடு. மதியம் இரண்டு மணி வெயில். பறக்கும் ரயில் அப்போது கடற்கரையிலிருந்து ஓடவில்லை; சிந்தாதிரிப்பேட்டையிலிருந்துதான். மெட்ரோவில் போனால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. படிக்கட்டு. இரவு பத்து மணிக்குக் கூட்டத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அவருக்குக் கஷ்டம் என்று மனசுக்குள் அடுக்கினேன். எனக்குக் கஷ்டம் என்பதுதான் உண்மை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துத் தூங்க வேண்டும் என்று இருந்தது. இவ்வளவு சின்ன காரணம்தான். பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பைக் நிறுத்தும் இடத்தில் வைத்து டிக்கெட்டைக் கொடுத்தேன். ஐந்நூறு கூட என்று நானாகத்தான் சொன்னேன். அவர் பேரம் பேசவில்லை.

அந்த ஆயிரம் ரூபாயைச் சனிக்கிழமை செலவழித்தேன். 'லியோ' படம் வெளியான மூன்றாம் நாள். நண்பர்கள் நாலு பேரோடு போனேன். இடைவேளையில் எல்லோருக்கும் பாப்கார்ன் நான்தான் வாங்கினேன். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி இழுவை என்று இடைவேளை முடிந்து பத்தாம் நிமிஷமே ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் விஜய்க்காக உயிரை விடுகிறவன். திரும்பி வரும்போது அவன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னோடு படத்துக்கு வந்தவர்கள் அப்படித்தான் வீடு திரும்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மசாலாவில் இந்தியாவும் நியூசிலாந்தும். அப்பா நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஷமி ஐந்து விக்கெட் எடுத்தார். ஐந்தாவதுக்கு அப்பா சிவப்பு மையை எடுத்தபோது, "கடைசி ஓவர்கள்ல எடுத்ததெல்லாம் கணக்கில்லப்பா" என்றேன். நாம் ஆடிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் மூடுபனி இறங்கிப் பந்து தெரியாமல் போய், ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். திரையில் வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. அப்பா பேனாவை மூடி வைத்தார்.

"நாளைக்கு மேட்சுக்கு டிக்கெட் ஏதாவது கிடைச்சுதாடா?"

"இல்லப்பா. அப்பவே எல்லாம் வித்துப் போச்சு." இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அதுவும் அது என்ன மேட்சுப்பா? ஒருபக்கமா முடிஞ்சுடும். பாகிஸ்தான்காரன் ஊதித் தள்ளிடுவான்."

"அப்படிச் சொல்ல முடியாதுடா. நாலு ஸ்பின்னர் வச்சிருக்கான். சேப்பாக்கம் வேற" என்றார். பிறகு, "சரி, வீட்லயே பாத்துக்கலாம். எனக்கும் கால் வலிக்குது" என்றார்.

நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த சாக்கை அவரே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொய் நம்பப்பட்டது என்ற நிம்மதிதான் வந்தது. மூடுபனி விலகி ஆட்டம் தொடங்கியது. கோலி 95-இல் தூக்கி அடித்து அவுட் ஆனபோது அதற்கும் ஒரு கருத்து சொன்னேன்.

திங்கள் காலை பூஜை. அம்மா மனையில் சரஸ்வதி படத்தை வைத்து, மகளின் புத்தகங்கள், என் மடிக்கணினி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்கினாள். அப்பா வெர்னியரைத் துடைத்து, தாடைகளில் படாமல் பிடியில் மட்டும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். மேலே ஸ்கோர் நோட்டை வைத்தார். அன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. நோட்டு பூஜையில் இருந்ததால் அன்றைய ஆட்டத்தை அவர் எழுதப் போவதில்லை. மைதானத்துக்குப் போயிருந்தால்? விரலில் எண்ணி மனசில் வைத்திருந்து மறுநாள் எழுதியிருப்பார். முன்பும் அப்படிச் செய்திருக்கிறார். நான் பைக்கைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஆர்.சி. உறையைப் பூஜையில் வைக்கச் சொல்லி அம்மா கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

சுண்டல், வடை, பாயசத்தோடு சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குப் படுத்தேன். எழுந்தபோது இருட்டியிருந்தது. விசிறி ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்துக்கு வந்தேன். அப்பா டி.வி.க்கு ஓரடி தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தூங்குகிறேன் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார். மதியம் இரண்டு மணியிலிருந்து அப்படியே பார்த்திருக்கிறார். சேப்பாக்கத்தின் சத்தம் ஒன்றுமே இல்லாமல் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது ஆட்டம்.

பாகிஸ்தான் 282. நூர் அகமது என்ற பதினெட்டு வயதுப் பையன், இடது கை மணிக்கட்டு ஸ்பின்னர், அவனுக்கு முதல் உலகக் கோப்பை ஆட்டம். பாபர், ரிஸ்வான், ஷஃபீக் மூன்று பேரையும் எடுத்திருந்தான். அப்பா அதை எனக்குச் சொன்னபோது, நேற்று நான் பேசியதை ஞாபகப்படுத்தவில்லை. வேறொன்று சொன்னார்: "பேடி போயிட்டாருடா. மத்தியானம் கீழே எழுத்து ஓடிச்சு."

பிஷன் சிங் பேடி அன்றுதான் இறந்தார். 1977-இல் அப்பாவுக்கு இருபத்தாறு வயது. இதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்தின் ஜான் லீவர் பந்தில் வாசலின் தடவுகிறார் என்று பேடி கிளப்பிய சர்ச்சை நடந்த டெஸ்ட். பேடி ஓடிவரும் அந்த நாலு அடியை அப்பா கூடத்தில் நடந்து காட்டியிருக்கிறார், நான் சின்னப் பையனாக இருந்தபோது. சிக்ஸர் அடித்தவனுக்கும் கை தட்டுகிற பௌலர் என்பார். அவர் கண் அன்று கொஞ்சம் கலங்கியிருந்தது.

நான் சொன்னேன்: "முரளிதரன் பந்தை எறியறான்னு சொன்னவர்தானேப்பா."

ஒரு மனிதர் தன் வாலிபத்தின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் அவருக்குச் செய்தித் துணுக்கு கொடுக்கிறேன். டிக்கெட்டை விற்றதைவிட இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. அப்பா, "ஆமா, சொன்னார்" என்றார். டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆப்கானிஸ்தானின் குர்பாசும் இப்ராகிம் ஜத்ரானும் முதல் விக்கெட்டுக்கு 130 சேர்த்தார்கள். நான் ரிமோட்டை எடுத்து சத்தத்தை வைத்தேன். சேப்பாக்கம் அவர்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. ஒருமுறை கேமரா ஒரு ஸ்டாண்டைக் காட்டியது. நாலைந்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாம் வித்துப் போச்சு என்று சொன்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. டிக்கெட் வாங்கியவர் வீடியோ அனுப்பியிருந்தார். பையன் தோளில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறான், பின்னால் பச்சைப் புல். கீழே, 'ரொம்ப தேங்க்ஸ் சார், சூப்பர் மேட்ச்.' போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தேன்.

இப்ராகிம் 87-இல் போனார். ரஹ்மத் ஷாவும் ஷாஹிதியும் அவசரமே படாமல் கொண்டுபோனார்கள். ஓர் ஓவர் மிச்சம் இருக்கும்போது, எட்டு விக்கெட்டில் வெற்றி. ஒரு நாள் ஆட்டத்தில் அதற்கு முன் ஏழு முறை ஆடி ஒருமுறைகூடப் பாகிஸ்தானை அவர்கள் ஜெயித்ததில்லை. கிரிக்கெட்டையே பாகிஸ்தானில் அகதி முகாம்களில் கற்றுக்கொண்ட நாடு என்று அப்பா சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. ஆட்ட நாயகன் விருதை வாங்கிய இப்ராகிம், பாகிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு அதைக் கொடுப்பதாகச் சொன்னார். இந்த அணியைப் பற்றித்தான் நான் வியாழக்கிழமை முடிவு சொல்லி வைத்திருந்தேன்.

ஆப்கான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அப்பா நாற்காலியின் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்து எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நின்றபடியே பார்த்தார். அவர்கள் சுற்றி முடிக்கிற வரைக்கும் நின்றார். கை தட்டவில்லை, வீட்டில் எப்படித் தட்டுவது என்று இருந்திருக்கும். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி. காலையில் அம்மா தீபம் காட்டி மனையை வடக்கே நகர்த்தியதும் அப்பா நோட்டை எடுத்தார். அட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது. என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் ஒவ்வொரு பந்தாகப் படிக்கச் சொன்னார். அவள் படிக்க, இவர் எழுத, காலை முழுக்க அதிலேயே போனது. ஏறக்குறைய அறுநூறு பந்துகள். இரண்டு பேரும் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில் அப்பா வலது மேல் மூலைக்கு வந்தார். பேனா அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு 'டி.வி.' என்று எழுதினார்.

27-ஆம் தேதி ஆட்டம் இன்னும் இருந்தது. வெள்ளிக்கிழமை, லீவு போட்டிருக்கலாம். டிக்கெட்டும் தேடியிருக்கலாம். ஆனால் இதற்குக் கிடைத்தது அதற்கு எப்படிக் கிடைக்காமல் போயிற்று என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் கேட்கவே மாட்டார் என்பதும் தெரியும். இருந்தும் தேடவில்லை. தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்த ஆட்டம் அது. மகராஜ் கடைசி பவுண்டரி அடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில்தான் இருந்தோம். அந்தப் பக்கத்திலும் மூலையில் 'டி.வி.'தான்.

அதற்குப் பிறகு கருத்து சொல்வதை நான் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. விடவில்லை. குறைத்திருக்கிறேன். மகள் ஏதாவது செய்து கொண்டுவரும்போது வாயை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணுகிறேன். பாதி நாள் ஏழிலேயே வாய் திறந்துவிடுகிறது. கொலுவில் அவள் இப்போது பூங்கா கட்டுவதில்லை. அதற்கான வயது போய்விட்டது என்கிறாள். அது மட்டும்தான் காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை வந்தது. அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. பூஜைக்கு வைக்க நோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர், பழைய பக்கங்களைப் புரட்டி, "இது எந்த மேட்சுடா, பாத்துச் சொல்லு" என்று நீட்டினார். 23.10.2023. சேப்பாக்கம். நூர் அகமதுக்கு நேராக மூன்று சிவப்பு. மூலையில் அந்தச் சொல்.

அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டிக்கெட் வாங்கியது, ஆர்.சி. உறையில் வைத்தது, விற்றது, ஐந்நூறு, பாப்கார்ன், தூக்கம். எதையும் விடவில்லை. குரல் நடுங்கியது. நடுவில் அப்பா ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்த பிறகும் பேசவில்லை. வெர்னியரை எடுத்துத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான். தாடையைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"எந்த ஸ்டாண்டு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எத்தனாவது வரிசை?"

அதையும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார். பிட்ச் எந்தப் பக்கம், ஸ்கோர்போர்டு எந்தப் பக்கம் என்று மனசில் திருப்பி வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது.

"அங்கேர்ந்து நல்லா தெரியும்டா. சாயங்காலம் ஆனா கடல் காத்து வரும்" என்றார்.

நோட்டை மூடி, பூஜை மனையில் மற்ற புத்தகங்களுக்கு மேலே வைத்தார்.